இல்லாத விலங்கை வரைய, இருக்கும் விலங்கைப் படிப்போம்

கணினியிலும் கைப்பேசியிலும் மாணவர்கள் விளையாடும் விளையாட்டுகளில் வீரர்கள், அரக்கர்கள், பறக்கும் பாம்புகள், நடக்கும் மரங்கள் எனப் பல உருவங்கள் வருகின்றன. அவை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் முதலில் தாளிலோ திரையிலோ வரைந்திருப்பார். அதுதான் என் தொழில். நான் எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. விளையாட்டு உருவாக்கும் சிறு குழுக்கள் கேட்கும் கற்பனை மாந்தர்களையும் விலங்குகளையும் வீட்டிலிருந்தே வடிவமைத்துத் தருகிறேன். இப்படி வேலை செய்பவரை ஃப்ரீலான்சர் என்பார்கள்.

ஓவிய ஆசிரியர்களும் அறிவியல் ஆசிரியர்களும் அழைக்கும்போது அரசுப் பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். செல்லும் பள்ளிகளிலெல்லாம் ஆசிரியர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். "நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க டிராகன் வரைந்து வைத்திருக்கிறான், இவனை எப்படிப் பாடத்துக்குள் கொண்டு வருவது?" என்பது முதல் கேள்வி. "இதை நம்பி ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாமா?" என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் என் தொழில் அனுபவத்திலிருந்து பதில் சொல்ல முயல்கிறேன். முதல் கேள்விக்கான பதிலை நான்கு பாடவேளைகளில் நடத்தக்கூடிய செயல்பாடாகவே தருகிறேன்.

கற்பனை வெறுங்கையில் வராது

"உன் இஷ்டத்துக்கு ஒரு விலங்கு வரை" என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் ஏற்கெனவே திரையில் பார்த்த ஒன்றையே வரைவார்கள். மீதிப் பேர் வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதைக் கற்பனைக் குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. கலந்து பார்க்க அவர்கள் கையில் போதிய சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

1978இல் ஜப்பானில் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் வேற்றுக்கிரகவாசிகள் வரிசை வரிசையாக இறங்கி வருவார்கள். அவர்களை வடிவமைத்த தொமோஹிரோ நிஷிகாடோ ஆக்டோபஸ், கணவாய், நண்டு ஆகிய கடல் உயிர்களைத்தான் மாதிரியாகக் கொண்டார். வேற்றுக்கிரகத்துக்கே போனாலும் மூலப்பொருள் நம் கடலிலிருந்துதான் வருகிறது.

நம் ஊரில் இதற்கு இன்னும் பழைய சான்றுகள் இருக்கின்றன. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் பல்லவர் காலப் புலிக்குகையின் வாயிலைச் சுற்றி யாளித் தலைகள் வரிசையாக இருக்கின்றன. மதுரை புதுமண்டபத் தூண்களில் ஆளுயரத்துக்கு மேல் யாளிகள் எழுந்து நிற்கின்றன. சிங்க உடலும் யானைத் துதிக்கையும் சேர்ந்த யாளியை யாரும் நேரில் கண்டதில்லை. ஆனாலும் தூணுக்கு அருகே போனால் ஒரு கணம் பின்வாங்கத் தோன்றுகிறது. காரணம், அதன் ஒவ்வொரு பகுதியும் மெய்யானது. துதிக்கையின் மடிப்பு யானையின் மடிப்பு. பின்னங்கால் ஊன்றிய விதம் பாயப்போகும் விலங்கின் விதம். பகுதிகளைச் சிற்பி பார்த்துப் படித்திருக்கிறார். சேர்த்த விதம் மட்டுமே கற்பனை.

12ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை தெரியும். மறுபக்கத்தை மறைத்தால் காளை தெரியும். ஒரு கோடு இரண்டு விலங்குகளுக்கும் பொருந்த வேண்டுமென்றால் இரண்டின் தலையமைப்பும் சிற்பிக்கு மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும். கும்பகோணம் பக்கம் சுற்றுலா செல்லும் பள்ளிகள் அந்தச் சிற்பத்தின் முன் மாணவர்களைப் பத்து நிமிடம் நிறுத்திவைக்கலாம். அந்தப் பத்து நிமிடம் வீண்போகாது.

வேலை எப்படி நடக்கிறது?

எனக்கு வரும் ஒவ்வொரு வேலையும் ஒரு பணிக்குறிப்போடு தொடங்கும். அது ஐந்தாறு வரிகளில் இருக்கும். வகுப்பறைக்காக நான் எழுதி வைத்திருக்கும் பணிக்குறிப்பு இது:

"இந்த விலங்கு உப்பளத்தில் வாழ்கிறது. மனிதரைப்போல இரு மடங்கு உயரம். பகலில் தூங்கி இரவில் நடமாடும். உப்பளத்தைக் காவல் காக்கும். விளையாடுபவர் முதல்முறை பார்க்கும்போது பயப்பட வேண்டும். பழகிய பிறகு அதன்மேல் ஏறிச் செல்ல விரும்ப வேண்டும்."

இதைப் படித்தவுடன் பென்சிலை எடுப்பதில்லை. முதலில் கேள்விகளை எழுதுகிறேன். அது என்ன சாப்பிடும்? உப்புச் சேற்றில் கால் புதையாமல் எப்படி நடக்கும்? உடலில் சேரும் உப்பை எப்படி வெளியேற்றும்? இருட்டில் எப்படிப் பார்க்கும்? ஒருவர் ஏறி உட்கார முதுகில் இடம் எங்கே? எதைக் கண்டு பயப்படும்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் அறிவியல் பாடம் தானாக வந்துவிடும். வேதாரண்யம், கோடியக்கரைப் பகுதிக்கு வரும் பூநாரையை எடுத்துக்கொள்வோம். அதன் நீண்ட கால்கள் ஆழமற்ற நீரில் நடக்க உதவுகின்றன. விரல்களுக்கு இடையே சவ்வு இருப்பதால் கால் சேற்றில் எளிதில் புதைவதில்லை. அலகைத் தலைகீழாக நீரில் வைத்து உணவை வடிகட்டி உண்கிறது. தலையில் உள்ள சுரப்பிகள் மிகுதியான உப்பை வெளியேற்றுகின்றன. அது உண்ணும் பாசியிலும் சிறு இறால் வகை உயிர்களிலும் உள்ள நிறமிகளே அதன் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம். ஆக, உப்பளத்து விலங்குக்குக் காலும் நிறமும் உணவும் கிடைத்துவிட்டன. இரவில் பார்க்க என்ன செய்யலாம்? டார்ச் ஒளி பட்டதும் மாட்டின் கண் மின்னுவதை எல்லா மாணவர்களும் பார்த்திருப்பார்கள். விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் அப்படி மின்னுகிறது. குறைந்த ஒளியிலும் பார்க்க அது உதவுகிறது. பயமுறுத்தும் முதல் காட்சியும் இங்கேயே கிடைக்கிறது: இருட்டில் வெள்ளை உப்புக் குவியலுக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் மின்னுகின்றன.

இதற்குப் பிறகுதான் வரைதல். அதிலும் கண், பல், செதில் என்று தொடங்குவதில்லை. முதலில் கட்டைவிரல் அளவில் இருபது நிழலுருக்களை வரைகிறேன். கறுப்பு நிறத்தில் வெளிவடிவம் மட்டும் இருக்கும், உள்ளே எதுவும் இருக்காது. அந்தக் கறுப்பு வடிவத்தைப் பார்த்தே இது எந்தப் பக்கம் பார்க்கிறது, வேகமானதா மந்தமானதா, நட்பா பகையா என்று சொல்ல முடிய வேண்டும். வட்டங்கள் மிகுந்த உருவம் மென்மையாகத் தோன்றும். சதுரம் உறுதியாகத் தோன்றும். கூர்முக்கோணங்கள் ஆபத்தை உணர்த்தும். திரையில் உருவம் விரலளவே தெரியும்போது விளையாடுபவர் அரை நொடியில் அடையாளம் காண உதவுவது இந்த வெளிவடிவம்தான்.

இருபதில் மூன்றைத் தேர்ந்து, உள்ளே எலும்புக்கூட்டைப் போட்டுப் பார்க்கிறேன். மூட்டுகள் மடங்குமா, எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று சரிபார்க்கிறேன். அதிலிருந்து ஒன்று தேறும். அதற்கு முதலில் கருப்பு வெள்ளையில் ஒளி நிழல், கடைசியாக வண்ணம்.

முடிவில் ஒரு சுற்றுப்பார்வைத் தாள் தயாரிக்கிறேன். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் ஆகிய மூன்று தோற்றங்களும் ஒரே உயரக் கோடுகளில் பொருந்தியிருக்கும். ஓரத்தில் குறிப்புகள் இருக்கும்: தோல் ஈரமாக மின்னும், கொம்பு உப்புப் படிந்து சொரசொரப்பாக இருக்கும், கோபம் வந்தால் கழுத்து மடல் விரியும். இந்தத் தாளைப் பார்த்து ஒருவர் கணினியில் முப்பரிமாண உருவம் செய்வார். இன்னொருவர் அதை நடக்க வைப்பார். அவர்களை நான் பெரும்பாலும் நேரில் பார்ப்பதே இல்லை. நான் வரைந்ததும் எழுதியதும் மட்டும்தான் அவர்கள் கையில் இருக்கும்.

நான்கு பாடவேளைத் திட்டம்

இதே வரிசையை 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் நடத்தலாம். தேவையானவை பழைய செய்தித்தாள், பென்சில், கறுப்பு ஸ்கெட்ச் பேனா அல்லது கரித்துண்டு, களிமண். நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். பணிக்குறிப்பைப் படித்துக் கேள்வி எழுப்புபவர், தகவல் தேடுபவர், வரைபவர், குறிப்பு எழுதி விளக்குபவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள். நன்றாக வரையும் மாணவரே எல்லாவற்றையும் செய்துவிடாமல் இருக்க இந்தப் பிரிவு அவசியம்.

முதல் பாடவேளை: படித்தலும் கேட்டலும்

பணிக்குறிப்பை ஆசிரியர் எழுதலாம். ஊருக்கு ஏற்றதாக இருந்தால் நல்லது. மலையூர்ப் பள்ளிக்குத் தேயிலைச் சரிவு, கடலோரப் பள்ளிக்குப் படகுத்துறை, நகரப் பள்ளிக்கு மேம்பாலத்தின் அடிப்பகுதி. ஒவ்வொரு குழுவும் குறைந்தது எட்டுக் கேள்விகள் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் "இந்தச் சிக்கலை ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கும் உண்மையான உயிர் எது?" என்று தேட வேண்டும். பாடநூல், நூலகம், உயர்தொழில்நுட்ப ஆய்வகம், வீட்டுப் பெரியவர்கள் என எதுவும் ஆதாரமாகலாம். ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டின் கண்மணி கிடைமட்டமாக இருப்பது தெரியும். அதனால் ஆட்டுக்கு நிலமட்டத்தை ஒட்டி அகலமாகப் பார்க்க முடிகிறது என்று நாம் சேர்த்துச் சொல்லலாம். வகுப்பில் வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டாம் பாடவேளை: நிழலுருவும் எலும்பும்

ஒவ்வொரு குழுவும் பத்து நிழலுருக்களைச் செய்ய வேண்டும். வரையத் தயங்குபவர்கள் செய்தித்தாளைக் கத்தரித்து வடிவம் செய்யலாம். அவற்றைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, அது எப்படிப்பட்ட விலங்கு என்று மற்றக் குழுக்களைச் சொல்லச் சொல்லுங்கள். பலரும் சரியாகச் சொன்ன வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

பிறகு எலும்பு. நாயின் பின்னங்கால் முழங்கால் பின்பக்கமாக மடங்குவதாகவே பெரும்பாலான மாணவர்கள் வரைவார்கள். பின்னோக்கி மடங்குவதுபோல் தெரிவது முழங்கால் அல்ல, கணுக்கால். நாய் குதிகாலைத் தூக்கிக்கொண்டு விரல்களால் நடக்கிறது. குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல் நுனியில் நடக்கிறது. அதன் நகமே குளம்பு. மாணவர்களை எழுந்து நின்று குதிகாலைத் தூக்கி நாய்போல நடக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் மனிதக் கழுத்திலும் ஏழு எலும்புகளே உள்ளன. வௌவாலின் இறக்கை நீண்டுவிட்ட கைவிரல்களுக்கு இடையே விரிந்த தோல். பறவையின் மார்பெலும்பு நடுவில் துருத்திக்கொண்டிருப்பது சிறகடிக்கும் பெருந்தசைகள் பற்றிக்கொள்வதற்காக. இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு "உன் விலங்குக்கு இறக்கை இருக்கிறதே, அதை அசைக்கும் தசை எங்கே?" என்று கேட்டால் மாணவரே படத்தைத் திருத்துவார்.

மூன்றாம் பாடவேளை: அளவும் கணக்கும்

ஒரு விலங்கை அப்படியே பெரிதாக்கினால் பூதம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். 1638இல் வெளிவந்த தன் நூலில் கலிலியோ இதை மறுத்தார். பேருருவ விலங்கின் எலும்பு எவ்வளவு தடிக்க வேண்டும் என்பதைப் படம் போட்டே காட்டினார். அதை எளிய கணக்காகக் கரும்பலகையில் செய்யலாம்.

60 செ.மீ. உயரமும் 25 கிலோ எடையும் உள்ள நாயை ஐந்து மடங்கு உயர்த்துவோம். உயரம் 3 மீட்டர் ஆகிறது. நீளமும் அகலமும் ஐந்து மடங்காவதால் கன அளவு 5 × 5 × 5 = 125 மடங்கு. எடை 25 × 125 = 3,125 கிலோ. ஆனால் காலின் குறுக்குவெட்டுப் பரப்பு 5 × 5 = 25 மடங்கு மட்டுமே கூடுகிறது. 125ஐ 25ஆல் வகுத்தால் 5. அதாவது காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட ஐந்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். நாயின் மெல்லிய வளைந்த காலால் அது முடியாது. மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள யானையைப் பாருங்கள்: கால்கள் தூண்போல நேராக, தடிமனாக இருக்கின்றன. பெரிய விலங்கு வேண்டுமா? அதற்கேற்ற கால் கொடு. ஒல்லிக்கால்தான் வேண்டுமா? அப்படியென்றால் உடலை இலேசாக்கு, அல்லது தண்ணீரில் வாழவிடு.

இந்தக் கணக்கைச் செய்த ஒரு வகுப்பில் மாணவி ஒருவர் "சார், அப்ப ஹனுமார் விஸ்வரூபம் எடுத்தா?" என்று கேட்டார். கதையில் தெய்வத்துக்குக் கணக்கு இல்லை, விளையாட்டிலும் மாயத்துக்கு இடம் உண்டு என்றேன். ஆனால் எங்கே விதியை மீறுகிறோம் என்று தெரிந்து மீறினால்தான் பார்ப்பவர் வியப்பார். தெரியாமல் மீறினால் ஏதோ தவறு என்று மட்டும் உணர்வார். அந்தக் கேள்வி வகுப்பு முழுவதையும் அரை மணி நேரம் பேச வைத்தது.

பரப்பும் கன அளவும் படிக்காத வகுப்புகளில் இந்தப் பாடவேளையில் கட்டத்தாளைத் தரலாம். 16 × 16 கட்டங்களுக்குள், கட்டங்களை நிரப்பி மட்டுமே ஒரு மனிதரை வரையச் சொல்லுங்கள். முகத்தில் வாய்க்கு இடமிருக்காது. உடலோடு கை கலந்துவிடும். 1981இல் வந்த டான்கி காங் விளையாட்டில் மாரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவுக்கும் இதே நெருக்கடிதான். மூக்கைத் தெளிவாகக் காட்ட மீசை வைத்தார். முடியை வரைவதைத் தவிர்க்கத் தொப்பி போட்டார். கை அசைவது தெரிய வேண்டும் என்பதற்காக உடையில் வேறு நிறம் கொடுத்தார். இடமில்லாத சிக்கலே ஓர் உருவத்துக்கு அடையாளத்தைக் கொடுத்த கதை இது. மாணவர்கள் தாங்களே திண்டாடிய பிறகு இதைச் சொன்னால் மனத்தில் நிற்கும்.

நான்காம் பாடவேளை: எழுத்திலிருந்து களிமண்ணுக்கு

என் பார்வையில் இதுதான் நான்கில் முக்கியமானது. ஒவ்வொரு குழுவும் தன் விலங்கைப் பற்றிப் பதினைந்து வரிக் குறிப்பு எழுத வேண்டும். படம் இல்லாமல் அந்தக் குறிப்பை மட்டும் அடுத்த குழுவிடம் கொடுங்கள். அவர்கள் அதைப் படித்துக் களிமண்ணில் செய்ய வேண்டும். பிறகு களிமண் உருவத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் இருந்தார். தேர்வில் இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டார் என்று தமிழாசிரியை முன்பே சொல்லியிருந்தார். அன்றும் அவர் எழுதியது மூன்றே வரிகள். அடுத்த குழு செய்து தந்த களிமண் உருவத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம்.

"டேய், வால் ஏன்டா இப்படிக் குட்டியா இருக்கு?"

"நீளமான வால்னு மட்டும்தான எழுதியிருக்க. எவ்ளோ நீளம்னு எழுதல."

"அது வாலால கிளையப் பிடிச்சுத் தொங்கும்டா!"

"அத நீ எங்க எழுதுன?"

அவர் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தார். பதினேழு வரிகள். வால் உடலைப்போல ஒன்றரை மடங்கு, நுனியில் மயிர் இல்லை, உட்பக்கம் உள்ளங்கைபோலச் சொரசொரப்பு, தூங்கும்போது கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். எழுத்துப்பிழைகள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு வரியும் எதையோ தெரிவித்தது. தமிழாசிரியை அந்தத் தாளை வாங்கிப் பிழைகளை அவருடனேயே உட்கார்ந்து திருத்தினார், மதிப்பெண் போடவில்லை. எழுதியதை நம்பி இன்னொருவர் ஒரு பொருளைச் செய்யப்போகிறார் என்றால் எழுதுவதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. என் தொழிலில் தினமும் நான் எதிர்கொள்ளும் நிலைமையும் அதுவே.

தொடக்க வகுப்புகளுக்கு

1 முதல் 5 வகுப்புகளுக்கு இவ்வளவு நீளம் வேண்டாம். தலை, உடல், கால், வால் என நான்கு வகை அட்டைகளில் பல விலங்குகளின் உறுப்புகளை வரைந்து வையுங்கள். வகைக்கு ஓர் அட்டையாகக் குழந்தை எடுக்கட்டும். வாத்தின் கால், பசுவின் தலை, மீனின் உடல், குரங்கின் வால் என வரலாம். அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். "இது எங்கே வாழும்? ஏன்?" என்று கேளுங்கள். "வாத்துக் கால் இருக்கு, அதனால தண்ணியில நீந்தும்" என்ற ஒரு வரியே போதும். உறுப்புக்கும் வாழிடத்துக்கும் உள்ள தொடர்பைக் குழந்தை கண்டுகொண்டது. பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகள் களிமண்ணில் தொடங்கலாம். கொம்பையும் குளம்பையும் தொட்டுப் பார்த்த அனுபவம் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

எப்படி மதிப்பிடுவது?

படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். கீழ்க்காணும் ஐந்து கேள்விகளுக்குப் படத்திலோ எழுத்திலோ பேச்சிலோ விடை இருக்கிறதா என்று பாருங்கள்.

1. பணிக்குறிப்பில் கேட்டவை எல்லாம் உருவத்தில் உள்ளனவா?
2. எந்தெந்த உண்மையான உயிர்களிலிருந்து எதை எடுத்தோம் என்று சொல்ல முடிகிறதா?
3. நிழலுருவை மட்டும் பார்த்து அடையாளம் காண முடிகிறதா?
4. அளவுக்கும் எடைக்கும் ஏற்ற கால்கள் உள்ளனவா? இல்லையென்றால் அதற்குக் காரணம் சொல்லப்படுகிறதா?
5. குறிப்பைப் படித்த இன்னொருவரால் அதைச் செய்ய முடிந்ததா?

திரையில் வரும் உருவத்தை அப்படியே பார்த்து வரைந்த மாணவரைத் திட்ட வேண்டாம். பார்த்து வரைவதும் பயிற்சியே. "இதில் எதை மாற்றினால் இது உன்னுடையதாகும்?" என்று கேளுங்கள். பிறர் வரைந்ததைத் தன்னுடையது என்று சொல்லக்கூடாது என்பதையும் இதே இடத்தில் கற்பிக்கலாம்.

"இதுல சோறு கிடைக்குமா சார்?"

இனி இரண்டாவது கேள்வி. பயிற்சி முடிந்த பின் பெற்றோரும் இதைக் கேட்கிறார்கள். கிடைக்கும், ஆனால் எல்லா மாதமும் ஒரே அளவில் கிடைக்காது என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன். சில மாதங்களில் மூன்று வேலைகள் சேர்ந்து வரும். சில மாதங்களில் ஒன்றும் வராது. வேலை தொடங்கும் முன் ஒரு பகுதிப் பணம், முடிந்த பின் மீதி என்பது என் வழக்கம். எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், ஓவியத்தின் உரிமை யாருக்கு, என் பெயர் இடம்பெறுமா என்பதை எல்லாம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். அப்படியும் ஒரு குழு மீதித் தொகையைத் தராமலே போனது. படம் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒப்பந்தத்தைப் படிக்கவும், கணக்கு எழுதவும், தெளிவாகக் கடிதம் எழுதவும் தெரிய வேண்டும். பெரும்பாலான பணிக்குறிப்புகள் ஆங்கிலத்தில் வருவதால் அதைப் படித்துப் புரிந்துகொள்ளவும் வேண்டும். "வரையறதுதான் என் வேலை, படிப்பு எதுக்கு?" என்று கேட்கும் மாணவரிடம் இதையே சொல்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் படம் தந்துவிடுகிறதே என்றும் கேட்கிறார்கள். அது உண்மைதான். எனக்கு முன்பு வந்துகொண்டிருந்த சிறு சிறு வேலைகளில் சில இப்போது வருவதில்லை. இன்னும் வருபவை, ஏன் இந்தக் கால், ஏன் இந்த நிறம், அசைந்தால் எப்படி மடங்கும் என்று காரணத்தோடு பதில் சொல்ல வேண்டிய வேலைகள். எனவே மாணவர்கள் கையை மட்டும் பழக்கினால் போதாது, கேள்வி கேட்கவும் பழக வேண்டும். மேலே சொன்ன நான்கு பாடவேளைகளும் அதற்காகத்தான்.

உண்மையான ஆர்வமுள்ள மாணவருக்கு வழிகாட்ட விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில தகவல்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அசைவூட்டம் தொடர்பான பட்டப்படிப்பு உண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனம் தன் நுழைவுத் தேர்வு வழியாகவும், சில ஐ.ஐ.டி.கள் யூசீட் தேர்வு வழியாகவும் வடிவமைப்புப் பட்டப்படிப்பில் மாணவர்களைச் சேர்க்கின்றன. இவற்றுக்கு 12ஆம் வகுப்பை முடிப்பது அவசியம், இடையில் நிற்கக்கூடாது. கிருத்தா, பிளெண்டர் ஆகிய மென்பொருள்கள் இலவசம். ஆனால் கணினி இல்லாத பிள்ளைக்கும் ஒரு நோட்டும் பென்சிலும் தொடங்கப் போதும். வாரம் ஒரு விலங்கை நேரில் பார்த்து, நின்ற நிலை, நடந்த நிலை, படுத்த நிலை என மூன்றாக வரைந்து தேதி போடச் சொல்லுங்கள். ஓராண்டில் ஐம்பது விலங்குகள் சேரும். பிற்காலத்தில் ஒருவருக்கு வேலை கொடுக்கும் முன் எங்களைப் போன்றவர்கள் பார்ப்பது இப்படிப்பட்ட நோட்டைத்தான்.

இரண்டு எச்சரிக்கைகளும் தேவை. விளையாட்டு உருவாக்குவதில் உள்ள ஆர்வமும் விளையாட்டிலேயே மூழ்கிக் கிடப்பதும் ஒன்றல்ல. விளையாடிய நேரத்துக்கு ஈடாக வரைந்த தாள் இருக்கிறதா என்று பாருங்கள், வேறுபாடு தெரிந்துவிடும். அடுத்து, மாணவர்கள் தங்கள் படங்களை இணையத்தில் போடும்போது பெயர், பள்ளி, கைப்பேசி எண், தம் புகைப்படம் ஆகியவற்றைச் சேர்க்கக்கூடாது. "பணம் தருகிறேன், வரைந்து கொடு" என்று முகம் தெரியாதவர் கேட்டால் உடனே பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்ல வேண்டும்.

நான்கு பாடவேளைகள் ஒதுக்க முடியாத பள்ளிகள் ஒன்றை மட்டும் ஒதுக்கலாம். அப்படியானால் நான்காவதையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் எழுதட்டும், மற்றவர் அதைப் படித்துக் களிமண்ணில் செய்யட்டும். செய்து முடித்த உருவங்களைக் குறிப்புத் தாளோடு சேர்த்து வகுப்பறைச் சன்னல் ஓரத்தில் ஒரு வாரம் வையுங்கள். அவற்றைப் பார்க்க வரும் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பணிக்குறிப்பை அந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்கலாம்.